இருமும் இடம்

அன்புள்ள மேலிடத்துக்கு,

கீழிடம் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் தம்பி நலம், அதிலும் சாப்பாட்டு வேளைகளில் மிக நலம். கடையில் பெரிய கண்ணாடியின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. அதைத் தவிர நீ விட்டுப் போனது விட்டுப் போனபடியே இருக்கிறது, மேலே கொஞ்சம் தூசியோடு. நீயும் உன் கால்வலியும் எப்படி இருக்கிறீர்கள்? லாண்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டு மடிக்கிற வேலை என்று தெரியும். நடுவில் கொஞ்ச நேரம் உட்கார விடுகிறார்களா என்பதை மறைக்காமல் எழுது.

மறைக்காமல் என்று எழுதியதும் எனக்கே ஒன்று உறுத்துகிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன மாதம் நீ உன் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ அழுகிறார்களே என்று கேட்டாய். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களின் குழந்தை, வயிற்றுவலி என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். நீ பாவம், அடுத்த முறை பேசும்போதும் அந்தக் குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் கேட்டாய். அந்த வீட்டில் குழந்தை கிடையாது. ஒரு பூனைதான் உண்டு. அந்தப் பூனையும் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை, எங்கேயோ போய்விடுகிறது. அழுதது என் வயலின்.

சிரித்து முடி. காத்திருக்கிறேன்.

இதனால்தான் போனில் சொல்லவில்லை. உனக்குக் கிடைப்பதே வாரத்துக்கு ஒரு அரைமணி. அதில் பாதி நேரம் நீ சிரிப்பாய், மீதி நேரம் உன் அறையில் இருக்கிற பெண்களைக் கூப்பிட்டு வைத்துச் சிரிப்பாய். கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது பார்.

மாஸ்டரை உனக்கு ஞாபகம் இருக்கும். செருப்புக்கடை மாடியில் குடியிருந்துகொண்டு பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறவர். பெரிய மீசைக்காரர். அந்த மீசைக்குப் பின்னால் எங்கேயோ கொஞ்சம் முகமும் இருக்கும். நீ வேலைக்காக அங்கே போன புதிதில் ஒருநாள் முடிவெட்ட உட்கார்ந்தவர், "என்ன தம்பி, கடைல ரேடியோவே போடறதில்ல போல" என்றார். கடையில் பாட்டுக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் வீடு இன்னும் கம்மென்று இருக்கிறது சார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப வீட்டுக்கு ஒரு சத்தத்தைக் கொண்டு போங்க" என்றார். பணமெல்லாம் பேசவில்லை. அவர் தலைக்கும் மீசைக்கும் நான் பொறுப்பு, என் விரலுக்கு அவர் பொறுப்பு. அப்படி ஆரம்பித்ததுதான்.

என்ன பாட்டு என்று கேட்பாய். நீ துணி மடிக்கும்போது முணுமுணுப்பாயே, அதுதான். போர்வையை உதறும்போது மேலே போகும், நாலாக மடித்து வைக்கும்போது கீழே வந்து உட்காருமே, அந்தப் பாட்டு. பெயர் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வாயால் பாடிக் காட்டினேன். அதைக் கேட்டுவிட்டு மாஸ்டர் வரிசையாக வேறு வேறு பாட்டுகளை வாசித்து, இதுவா, இதுவா என்று கேட்டார். கடைசியில் நான் ஒரு துண்டை எடுத்து உன்னைப் போலவே உதறி மடித்துக்கொண்டே பாடியதும் பிடித்துவிட்டார். அங்கே மெஷின் சத்தத்தில் மடிப்பதால் பாட்டே வாயில் வருவதில்லை என்று எழுதியிருந்தாய். அதனால்தான் அந்தப் பாட்டு. வேறு ஒன்றும் இல்லை.

முதல் பாதி நன்றாகவே வந்துவிட்டது, பொய் இல்லை. முடிவெட்டுகிற கைக்கு வில் சீக்கிரம் பழகியது. வண்டி நின்றது அதற்கப்புறம்தான். மாஸ்டருக்கு ஒரு முறை உண்டு. எங்கே தப்பு வந்தாலும் "முதல்லேருந்து" என்பார். நானோ தப்பு விடாமல் இருக்கிற ஆளில்லை. அதனால் எப்போது பார்த்தாலும் முதலிலிருந்துதான். விருந்துக்குப் போய் வாசலிலேயே திரும்பத் திரும்பக் கால் கழுவிக்கொண்டிருக்கிறவன் கதையாகிவிட்டது. அதோடு, நான் வாசிக்கும்போது அவரும் கூடவே வாசிப்பார், பலமாக. நன்றாக வாசிப்பது நான்தான் என்று நினைத்து நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் உன் தம்பி எனக்கு இருமல் மருந்தாக வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். "மாமா, சாயங்காலமானா மட்டும் இருமுறீங்க. இது சாதாரண சளி இல்ல" என்று ஒரே கவலை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை. கேள்.

நம் கடைக்கு இப்போது ஒரு டீச்சர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். பெரியவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. என் வயலினைப் பற்றி இதுவரை ஒரு குறையும் சொல்லாத ஒரே மனிதர். மகள் இசைப்பள்ளியில் வயலின் சொல்லித் தருகிறவர் என்பது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியான வேளையில், கடையில் ஆளில்லை என்று நினைத்துத் திரைக்குப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தால் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தம்மா, "முதல் பாதி சுத்தமா இருக்கு அண்ணே. ஆனா ரெண்டாவது வரி முடிஞ்சதும் எதுக்கு நிறுத்திட்டு இருமுறீங்க? தொண்டை சரியில்லையா?" என்றார். நான் ரொம்பத் தெரிந்தவன் போல, "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா. அந்த இடத்துல இருமணும். பாட்டு அப்படி" என்றேன்.

அவர் வயலினைக் கேட்டு வாங்கி அந்த வரியை வாசித்தார். எங்கேயும் நிற்கவில்லை. குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

உனக்குப் புரிந்திருக்கும், எனக்கும் அப்போதுதான் புரிந்தது. மாஸ்டருக்கு அந்த இடத்தில் ஒரு இருமல் வரும். நோய் இல்லை, பழக்கம். வில்லைத் தூக்குவார், முகத்தை இடது பக்கம் திருப்புவார், இருமுவார், மறுபடி வைப்பார். நான் பாட்டோடு சேர்த்து அதையும் பாடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முகத்தைத் திருப்புவதுகூட அப்படியே அவரைப் போல இருக்கிறது என்று உன் தம்பி சாட்சி சொல்கிறான். நீ இத்தனை வருஷம் முணுமுணுத்தாயே, ஒருநாளாவது அங்கே இருமியிருப்பாயா? எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

அந்த டீச்சரிடம், மீதிப் பாட்டை நீங்கள் சொல்லித் தருவீர்களா என்று கேட்டேன். அதற்கு அவர், "ஒருத்தர்கிட்ட கத்துக்கிட்டு இருக்கறவங்களை நான் எடுக்கறதில்ல அண்ணே. அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க. சொல்லாம நழுவி வந்தீங்கன்னா, நாளைக்கு என்கிட்டேருந்தும் அப்படித்தான் நழுவுவீங்க" என்றார்.

சொல்லிவிட்டு வா என்பது சுலபம். மாஸ்டர் நம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "பிள்ளைங்க வரும், ஒரு பாட்டுக்குள்ள ஓடிடும். நிலைச்சு நிக்கறது நம்ம தம்பி ஒருத்தர்தான்" என்று என்னைக் காட்டுகிறார். அந்த வாயால் அவர் என்ன சொல்வார் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் சொல்லாமலே திரும்பி வருகிறேன்.

ஒரு கடையை விட்டு ஆள் போவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நம் பேங்க்காரர் இருக்கிறாரே, இப்போது முனையில் வந்திருக்கிற ஏசி சலூனுக்குப் போகிறார். போகட்டும், அவர் தலை, அவர் இஷ்டம். ஆனால் நம் கடையைத் தாண்டும்போதெல்லாம் அவருக்கு போன் வந்துவிடுகிறது. காதில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போகிறார். ஒருநாள் போனைத் தலைகீழாக வைத்துப் பேசிக்கொண்டு போனார். முடி போனது எனக்குப் பெரிதில்லை. வெட்டும்போது அவர் மாமியாரைப் பற்றிச் சொல்லுகிற கதைகள் போனதுதான் நஷ்டம்.

மாஸ்டரை நான் அப்படித் தாண்டிப் போகக் கூடாது. அதே சமயம், நீ லீவில் வந்து உட்காரும்போது உன் பாட்டு பாதியில் நின்று இருமினால் அது நன்றாகவா இருக்கும்? நீ வருவதற்குள் முழுசாக வாசிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. என்ன செய்யலாம் என்று எழுது. நீ சொன்னால் சரியாக இருக்கும், இல்லாவிட்டாலும் பழியைப் போட ஒரு ஆள் கிடைக்கும்.

உன் உத்தரவை எதிர்பார்த்து,
கீழிடம்

*

அன்புள்ள மேலிடத்துக்கு,

உத்தரவு வந்து சேர்வதற்கு முன்பே கீழிடம் தானாகக் காரியத்தில் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருக்கிறது. மற்றபடி சுகம். கூரை ஒழுகலை அடைத்தாயிற்று. நீ அனுப்பிய வலி மருந்து உனக்கு வாங்கியதா, எனக்கு வாங்கியதா? இரண்டு டப்பா வாங்கியிருந்தால் சரி. ஒன்றே ஒன்றை வாங்கி இங்கே அனுப்பிவிட்டு நீ காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் கோபிப்பேன். என் கோபம் உனக்குத் தெரியும், சாப்பாடு வரைக்கும் நிற்கும்.

முதலில் மாஸ்டரிடம், கடையில் கூட்டம் அதிகமாகிவிட்டது சார், மாடிக்கு வரவே நேரம் இல்லை என்று சொன்னேன். நியாயமான பொய்தானே? அவர் உடனே, "அதுக்கு ஏன் தம்பி கவலைப்படறீங்க, நான் கடைக்கு வந்துடறேன்" என்றார். வந்தும்விட்டார். இப்போது மாடியிலும் வகுப்பு நடக்கிறது, கடையிலும் வகுப்பு நடக்கிறது. ஒருநாள் லாரி டிரைவர் ஒருவருக்கு முகம் முழுக்கச் சோப்பு போட்டு முடித்த நேரத்தில் மாஸ்டர் வந்து "முதல்லேருந்து" என்றார். இரண்டு தடவை முதலிலிருந்து வாசிப்பதற்குள் டிரைவர் முகத்தில் சோப்பு காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. வாயைத் திறந்தால் உதிர்ந்துவிடும் என்று அந்த மனிதர் திட்டக்கூட இல்லை, கண்ணாலேயே திட்டினார்.

அடுத்ததாக விரல் வலி என்றேன். மாஸ்டர் என் விரலைப் பிடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார், அவர் தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டார், கீழே செருப்புக்கடைக்காரரிடம் சொன்னார். அவர் வந்து விசாரித்தார். டீக்கடைக்காரர் வந்து விசாரித்தார். தெரு முழுக்க என் விரல் பேச்சுத்தான். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று துணியைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டேன். விரலில் கட்டோடு சவரக்கத்தி பிடிக்கிறவனை நம்பி யார் கழுத்தை நீட்டுவார்கள்? அன்று முழுக்கக் கடையில் ஈ ஓட்டினேன். கட்டை அவிழ்த்துவிட்டு மாடிக்குப் போனால், "பாத்தீங்களா, நம்ம தைலம்!" என்று மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு உன் தம்பி, "மாமா, உங்களுக்கு வாய் இருக்கற அளவுக்கு தைரியம் இல்ல. நான் போய் ரெண்டே வார்த்தையில நறுக்குன்னு சொல்லிட்டு வந்துடறேன். நீங்க கீழ நில்லுங்க" என்றான். உங்கள் வீட்டு ஆட்களுக்கு நெஞ்சழுத்தம் அதிகம், எனக்குத் தெரியும். அதனால் நம்பினேன். அவன் மாடி ஏறினான். நான் செருப்புக்கடையில் செருப்புப் பார்க்கிறவன் மாதிரி நின்றேன். கடைக்காரர் சும்மா விடுவாரா? ஒவ்வொன்றாகக் காலில் மாட்டிக்கொண்டே இருந்தார். மேலே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு முனகல் மாதிரி ஒன்று கேட்டது. ஐயோ, மனுஷன் அழுகிறாரே என்று ஒற்றைச் செருப்போடு படி வரைக்கும் போனேன். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால், அழுகை இல்லை. புதிதாக வில் பிடிக்கிறவன் தந்தியில் இழுக்கிற இழுப்பு.

உன் தம்பி இறங்கி வந்தான். கையில் வயலின் பெட்டி.

என்னடா மாப்ளே இது என்றேன். "கோவிச்சுக்காதீங்க மாமா. கதவைத் திறந்ததுமே, வாங்க வாங்க, நீங்களும் எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்னாரு. உக்காந்தேன். வில்லைக் கையில குடுத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு மாமா" என்றான். போன காரியம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதைச் சொல்ல நேரமே வரவில்லையாம். அவன் வயலினோடு வந்தான், நான் புதுச்செருப்போடு வந்தேன். சொல்லப் போனதை யாரும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு வயலின். பூனை இரவுச் சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உன் தம்பி விறுவிறுவென்று முன்னேறுகிறான். வேன் ஓட்டுகிற கட்டைவிரல் அவனுக்கு, அது இவ்வளவு பதமாக வில்லைப் பிடிக்கும் என்று யார் கண்டது? மாஸ்டர் ஆரம்பித்து வைப்பதில் மன்னன். ஒன்றும் தெரியாதவனை உட்கார வைத்து, பயத்தைப் போக்கி, தந்தியில் முதல் சத்தம் எடுக்க வைக்க அவரைப் போல ஒருத்தர் கிடையாது. எனக்கும் அப்படித்தான் செய்தார். அதை மறந்தால் நான் மனிதனில்லை. உன் தம்பிக்கு இன்னும் இருமல் வரவில்லை. அந்த வரிக்கு அவன் இன்னும் போகவில்லை.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, நேற்று வரைக்கும்.

நேற்று மாஸ்டர் தெருவில் எதிரே வந்தார். கையில் பால் பாத்திரம். என்னைப் பார்த்துவிட்டு மீசைக்குள் சிரித்தார். என் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது, போனை எடுத்தது, காதில் வைத்தது. ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டு அவரைத் தாண்டி வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. போனில் சார்ஜ்கூட இல்லை.

கடைக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். பேங்க்காரர் மாதிரியே இருந்தேன். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கே தெரியும், எனக்குச் சாப்பாடு இறங்காவிட்டால் விஷயம் பெரிசு.

சீக்கிரம் எழுது.

உன்,
ஒன்றுக்கும் உதவாத கீழிடம்

*

அன்புள்ள மேலிடத்துக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று பக்கத்தில் இரண்டு பக்கம் சிரிப்பு. உன் அறைப் பெண்கள் என்னை இப்போது "இருமல் அண்ணன்" என்று சொல்கிறார்கள் என்பதையும் படித்தேன். என் அன்பைச் சொல். நான் வந்தால் அவர்களுக்கு இலவசமாக முடிவெட்டிவிடுவேன் என்றும் சொல், அப்புறம் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

ஆனால் மூன்றாவது பக்கம் தங்கம். உன்னைக் கட்டிக்கொண்டது வீண் போகவில்லை. அதை உனக்கே திரும்ப எழுதிக் காட்டுகிறேன், எழுதியதை நீ மறந்திருப்பாய். அவர் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லாதீர்கள், கழுத்தில் துணியும் பக்கத்தில் கத்தியும் இருக்கிற மனிதர் எதற்கும் சரி என்றுதான் சொல்வார், அது சரி ஆகாது என்று எழுதியிருந்தாய். அவர் வீட்டுக்குப் போங்கள், அவர் உட்காரட்டும், நீங்கள் நில்லுங்கள், கிடைத்ததை முதலில் சொல்லுங்கள், வேண்டியதைப் பிறகு சொல்லுங்கள், குறை சொல்லாதீர்கள், பொய்யும் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருந்தாய். குறையும் கூடாது, பொய்யும் கூடாது என்றால் பேசுவதற்கு மீதி என்னடி இருக்கிறது என்று முதலில் கோபம் வந்தது. தாடி வழிக்க வந்த நாலு பேருக்கு வழித்து முடிப்பதற்குள், கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது என்று தோன்றியது.

போனேன். உன் தம்பியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன், அவன் வந்தால் இன்னொரு வயலினோடு திரும்புவான்.

மாஸ்டர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குழந்தைகள் வாசிக்கிற சின்ன வயலின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே செருப்புத்தோல் வாசனையும் தைல வாசனையும். உட்காருங்கள் என்றார், நின்றேன். சார், வில்லை எப்படிப் பிடிக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள், தந்தி சுருதி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று என் காதுக்குத் தெரிய வைத்தது நீங்கள், வீடு கம்மென்று இருந்த நேரத்தில் அதற்கு ஒரு சத்தம் கொடுத்ததும் நீங்கள் என்றேன். இதுவரைக்கும் தடுக்காமல் வந்தது. அதற்குமேல் வார்த்தைகளைத் தேட வேண்டியிருந்தது. எப்படியோ சொன்னேன். பாட்டு பாதியில் நிற்கிறது சார், அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை, என் வீட்டுக்காரி வருவதற்குள் முழுசாக வாசிக்க ஆசை, இசைப்பள்ளி டீச்சரிடம் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், வேறு யார் வாயிலிருந்தும் நீங்கள் இதைக் கேட்கக் கூடாது என்று நானே வந்தேன் என்று சொன்னேன். கூட்டம் என்றதும் பொய், விரல் வலி என்றதும் பொய், அன்றைக்கு போன் வந்ததும் பொய் என்று எல்லாவற்றையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். கீழே செருப்புக்கடைக்காரர் ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தன் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார். "வாசிங்க தம்பி. நான் வாசிக்கல, கேக்கறேன்" என்றார்.

இத்தனை நாளில் அவர் என்னை வாசிக்கவிட்டுச் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது, தெரியாத ஊரில் இறங்கினவன் மாதிரி. இரண்டாவது வரி முடிந்தது. வில்லைத் தூக்கினேன், முகத்தை இடது பக்கம் திருப்பினேன், இருமினேன். வேண்டாம் என்றுதான் நினைத்தேன், அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

குறை சொல்லாதே, பொய் சொல்லாதே என்று நீ இரண்டு பக்கமும் கட்டிப் போட்டுவிட்டாயே, என்ன செய்வேன்? இது தாகத்தால் வந்த இருமல் இல்லை சார், நீங்கள் வாசிக்கிறபோது இங்கே இருமுவீர்கள், நானும் கற்றுக்கொண்டேன் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? நான் எங்க இருமறேன்? இப்ப பாருங்க" என்று பெட்டியைத் திறந்து வயலினை எடுத்தார், கண்ணை மூடி வாசித்தார். இரண்டாவது வரி முடிந்தது. வில் மேலே போனது. முகம் இடது பக்கம் திரும்பியது.

இருமிய பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் மீசை முதலில் ஒரு பக்கம் ஆடியது, பிறகு இரண்டு பக்கமும் ஆடியது. அப்புறம் சிரித்தார் பார், சின்ன வயலின்கள் எல்லாம் கூடச் சேர்ந்து அதிர்ந்தன. "என்கிட்ட கத்துக்கிட்ட பொண்ணு ஒண்ணு மேடையில வாசிக்கும்போது இருமிச்சு தம்பி. பாவம், சளி புடிச்சிருக்குன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் அதே மேடையில ஒரு பையன் இருமினான். அந்த ஹாலே தூசின்னு சண்டை போட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர்தான் பெரும்பாலும்.

சிரித்து ஓய்ந்ததும் அவராகவே பேசினார். "போங்க தம்பி. அந்தப் பொண்ணு நல்லா வாசிக்கும், நான் கேட்டிருக்கேன். உங்க முழங்கையை இன்னும் உள்ள தள்ளச் சொல்லும். மாஸ்டர் இப்படிச் சொல்லித் தரலையேன்னு அங்க போய் சண்டை போடாதீங்க, சொன்னபடி செய்ங்க" என்றார். படி இறங்கும்போது பின்னாலேயே வந்தார். ஏதோ கேட்க வந்து, கைப்பிடியைத் தட்டிக்கொண்டே நின்றார். கடைசியில், "அப்ப என் முடி?" என்றார்.

இவ்வளவு நேரம் அவர் மனதில் இருந்தது அதுதான். பாடம் நின்றால் முடிவெட்டுவதும் நின்றுவிடுமோ என்று. நீங்கள் வராவிட்டால் கத்தியை எடுத்துக்கொண்டு நானே மாடிக்கு வருவேன் சார் என்றேன். காசு தருவேன் என்றார், தந்தால் மொட்டை அடித்துவிடுவேன் என்றேன். எனக்குப் பதிலாக உன் தம்பி அவரிடம் கற்றுக்கொள்கிறானே, அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். அடிதடி இல்லாமல் இவ்வளவு சத்தமாக இரண்டு பேர் சமாதானம் ஆனதைச் செருப்புக்கடைக்காரர் பார்த்ததே இல்லையாம்.

டீச்சரிடம் சேர்ந்துவிட்டேன். அவர் என்னைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார். கடைசி வரி, அப்புறம் அதற்கு முந்தின வரி, அப்படியே பின்னாலிருந்து முன்னால். முடியையும் பிடரியிலிருந்துதானே எடுத்துக்கொண்டு மேலே போகிறோம், எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. போர்வையை நாலாக மடித்து வைக்கிற இடம் இப்போது நன்றாக வருகிறது. நடுவில் உதறுகிற இடம்தான் பாக்கி.

இன்னொன்று. நேற்று பேங்க்காரர் நம் கடையைத் தாண்டினார், வழக்கம்போல் போனோடு. நான் வாசலுக்குப் போய், "சார், முடியை எங்க வேணா வெட்டிக்கங்க, மாமியார் கதையை மட்டும் இங்க சொல்லிட்டுப் போங்க" என்றேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மாமியாருக்கு இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை வந்திருக்கிறதாம். நீ வந்ததும் முழுசாகச் சொல்கிறேன்.

நீ எப்போது வருகிறாய்? லீவு உறுதியாகவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர்களிடம் திரும்பக் கேள், பயப்படாமல் கேள், நின்றுகொண்டு கேள், நான் மாடியில் நின்றது போல. பாட்டு தயாராகிவிடும். தயாராகாவிட்டாலும் பாதகமில்லை, வந்து விட்ட இடத்திலிருந்து நீ முணுமுணு, நான் பின்னாலேயே வருகிறேன். மடிக்க வேண்டிய துணி இங்கேயும் நிறையச் சேர்ந்திருக்கிறது. நான் மடிக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலுக்கு மருந்து போடு. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் உட்கார்ந்தே இரு.

உன் வருகையை எதிர்பார்த்து,
கீழிடம்

பின்குறிப்பு: இன்று காலையில் மாஸ்டர் முடிவெட்ட வந்தார். முடி முடிந்ததும் மீசையின் ஓரத்தைச் சரிசெய்யக் கத்தியை எடுத்தேன். அவர் உன் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரி முடிகிற இடத்தில் இருமல் வரும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் கத்தியை முன்கூட்டியே தூக்கிக்கொண்டேன். அவர் இருமவில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது என்று தீர்மானம் செய்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. அதனால் கத்தியை மறுபடி வைத்தேன். அடக்கி வைத்த இருமல் மூன்றாவது வரியில் வந்தது. காயம் ஒன்றும் இல்லை. மீசையின் வலது பாதி போய்விட்டது. இரண்டு பேரும் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு இடது பாதியையும் எடுத்துவிட்டேன். அவருக்கு மேலுதடு இருக்கிறது.